பதற்ற நோய்: பக்கத்து டாக்டரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெருமுனை கிளினிக்கிலும் பதற்ற நோயைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள், கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே உள்ளன. மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை. டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் திருப்பிக் கேட்கவும்தான் அவற்றைத் தந்திருக்கிறோம். கடையில் நீங்களாக வாங்கிப் போடுவதற்கில்லை.

1. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, செத்துடுவோமோன்னு இருக்கு. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல்ங்கிறாங்க. அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. இதயத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. பதற்ற நோயில் இந்த ஏற்பாடு, ஆள் வராமலே குரைக்கும் நாய் போல, தேவையில்லாத நேரத்தில் கிளம்பிவிடுகிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், வயிற்றைப் பிசைவது எல்லாம் உடம்பில் உண்மையாகவே நடப்பவை. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான்.

திடீரென்று வந்து, பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கினால் அது பேனிக் அட்டாக். முறையாகப் பரிசோதித்து இதயம் சரி என்று தெரிந்த பிறகும், ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி போய் மறுபடி மறுபடி எக்கோ எடுப்பது பயத்தைத் தீர்ப்பதில்லை. ரிப்போர்ட் வந்த இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் ‘அவங்க சரியாப் பார்த்தாங்களா?’ என்ற சந்தேகமாகத் திரும்பிவிடும்.

2. கவலை எல்லாருக்கும்தான் இருக்கு. எப்போ இதை நோய்னு சொல்றது?

மூன்றைப் பாருங்கள்: எத்தனை நாளாக, எவ்வளவு கட்டுக்கடங்காமல், வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது. பொதுப் பதற்ற நோய் என்று சொல்ல, பல விஷயங்களைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை குறைந்தது 6 மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். அதோடு இருப்புக்கொள்ளாமை, சோர்வு, கவனம் நிற்காமை, எரிச்சல், கழுத்து தோள் இறுக்கம், தூக்கக் கேடு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று சேர்ந்திருக்கும். மகள் கல்யாணம் முடியும்வரை தூக்கம் வராமல் இருப்பது இந்தக் கணக்கில் வராது.

டாக்டர்கள் ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்வித் தாளைப் பயன்படுத்துவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. 10 வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரை எழுதுவது சரியில்லை. ஆனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே தாளை நிரப்பினால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தெரியும். ‘பரவாயில்லீங்க’ என்ற பதிலைவிட அது நம்பகமானது.

3. என்ன டெஸ்ட் எடுக்கணும்? ஃபுல் பாடி செக்கப் எடுத்துடலாமா?

வேண்டாம். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒருமுறை ஈசிஜி. பெரும்பாலானவர்களுக்கு இவை போதும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் எடை குறையும், கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். பார்வைக்கு அப்படியே பதற்ற நோய்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்தும் இதே படபடப்பு வரும்.

டெஸ்டைவிட அதிகம் சொல்லிக்கொடுப்பது, நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் பொருட்களின் பட்டியல். ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், தியோஃபிலின், ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை எல்லாம் படபடப்பைக் கிளப்பும். ஒரு நாளில் எத்தனை டம்ளர் காபி, டீ என்று எண்ணிச் சொல்லுங்கள்.

நெஞ்சுவலி நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து உட்கார்ந்தால் விடுகிறது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, மயக்கம் வருகிறது, அல்லது நடுவயதுக்கு மேல் முதல் முறையாக வருகிறது என்றால் ‘பதற்றம்தான்’ என்று வீட்டில் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பதற்ற நோய் இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று எந்த விதியும் இல்லை.

4. இதுக்குப் பக்கத்து டாக்டரே போதுமா, மனநல டாக்டர்கிட்டதான் போகணுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்து டாக்டரே போதும். சிக்கல் என்னவென்றால், அவரிடம் போகிறவர்கள் ‘தலைவலி, கேஸ் பிராப்ளம், தூக்கமில்லை’ என்று சொல்லிவிட்டுப் பயத்தைச் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள். அல்சர் மாத்திரையோடு வீடு திரும்புவார்கள். ‘எந்நேரமும் பயமா இருக்கு, மனசு நிக்க மாட்டேங்குது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்கள்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூங்காமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்தவர்கள், குடியை விட முடியாதவர்கள், குழந்தைகள், இரண்டு மருந்தை முழு அளவில் முழு காலத்துக்கு எடுத்தும் தேறாதவர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் கிடைப்பார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை அது.

5. என்ன மாத்திரை கொடுப்பாங்க? நாள் பூரா தூங்கிக்கிட்டே இருக்கணுமா?

முதலில் தருவது தூக்க மாத்திரை இல்லை. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் அளவைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை. நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின். எஸ்சிடலோபிராம் 5 மி.கி.யில் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து 10 மி.கி. ஆகும், உச்சம் 20. செர்ட்ராலின் 25-இல் ஆரம்பித்து 50, தேவைப்பட்டால் படிப்படியாக 200 வரை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யோடு நிறுத்திக்கொள்வது வழக்கம், இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால். அந்த வயதில் ரத்தத்தில் சோடியமும் குறையலாம். மாத்திரை ஆரம்பித்தபின் பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் உடனே சோடியம் பாருங்கள்.

பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுதாகத் தெரிய 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும். பத்து நாளில் ‘கேக்கலை’ என்று டாக்டரை மாற்றுவதுதான் சிகிச்சை தோற்பதற்கு நாம் பார்க்கும் முதல் காரணம். தாம்பத்திய ஆர்வம் குறைவதும் உச்சம் தாமதமாவதும் இந்த மருந்துகளில் சகஜம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை ரகசியமாக விடுபவர்கள் நிறைய. சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

வலிக்கு டிரமடால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்குமுன் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள். முதலாவது செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றலாம், மற்ற இரண்டும் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும்.

6. மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரமே பதற்றம் ஜாஸ்தியாயிடுச்சு. நிறுத்திடலாமா?

எதிர்பார்க்கக்கூடியதுதான். பேனிக் அட்டாக் உள்ளவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் நடுக்கமும் குமட்டலும் கூடுவது வழக்கம். பாதி அளவில் ஆரம்பிப்பதே அதற்காகத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள், தூக்கம் வந்தால் இரவுக்கு. முதல் நாளே 10 மி.கி. எழுதியிருந்தால் 5-க்கு இறக்கலாமா என்று போனிலாவது கேளுங்கள்.

உட்காரவே முடியாத தவிப்போ, சாகும் எண்ணமோ வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் மாதம் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

7. அல்பிரசோலம் போட்டா அரை மணி நேரத்துல சரியாயிடுது. அதையே போட்டுக்கிட்டா என்ன?

அரை மணியில் சரியாவதுதான் அதன் கோளாறும். அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம், லோராசிபாம், எடிசோலம் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்ப வேலை செய்பவை. சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும், அதே அளவு போதாது. அல்பிரசோலம் சீக்கிரம் இறங்கும் மருந்து. இரவு போட்டதன் வேகம் விடிகாலையில் இறங்கும்போது வரும் பதற்றத்தை நோய் என்று நினைத்துக் காலையிலும் ஒன்று போடத் தொடங்குவார்கள். இந்தச் சுழலில் இப்படித்தான் விழுகிறார்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வேலை செய்யத் தொடங்கும்வரை 2 முதல் 4 வாரம், குறைந்த அளவில், முடியும் தேதி எழுதிக் கொடுத்தால் இதற்கு ஒரு இடம் உண்டு. வயதானவர்களுக்கு விழுந்து இடுப்பெலும்பு முறிய இது ஒரு முக்கியக் காரணம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். வண்டி ஓட்டுபவர்களும் கவனிக்க வேண்டும்.

தெரியாமலே இதைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யோடு குளோனசிபாம் 0.5 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை நம் கடைகளில் ஏராளம். நான்கு வாரத்தில் குளோனசிபாமை நிறுத்தி எஸ்சிடலோபிராமைத் தொடர வேண்டும், சேர்ந்த மாத்திரையில் அது முடியாது. ‘ரெண்டா போடுங்க’ என்றால் இரண்டு மருந்துமே இரட்டிப்பாகும். வயிற்று வலிக்குத் தரும் சில மாத்திரைகளில் குளோர்டயசிபாக்சைடு, தலைவலிக்குத் தரும் சிலவற்றில் எடிசோலம் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

அல்பிரசோலமும் டயசிபாமும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ‘தெரிஞ்ச கடைதான், கொடுப்பாரு’ என்பது உதவி ஆகாது.

8. நாலஞ்சு வருஷமா ராத்திரி ஒண்ணு போடுறேன். இதைப் படிச்சதும் பயமா இருக்கு, நாளைக்கே விட்டுடறேன்.

நாளைக்கே விடாதீர்கள். நெடுநாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, இருக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது பாதுகாப்பான வேகம். 0.5 மி.கி. மாத்திரையை உடைத்துப் பாதியாக்கினால் ஒரே தாவலில் 50 சதவீதம் குறைகிறது. அன்று இரவு தூக்கம் போய், ‘என்னால முடியாது’ என்று பழைய அளவுக்கே திரும்பிவிடுவது இதனால்தான். டாக்டர் மெதுவாக இறங்கும் டயசிபாமுக்கு மாற்றியோ, சிறிய அளவு மாத்திரைகளைச் சேர்த்தோ படி அமைத்துத் தருவார். ஆறு மாதம், ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

9. ரெண்டு பெக் போட்டா பயம் போயிடுது. மாத்திரைக்கு அது மேல் இல்லையா?

ஏழாம் கேள்வியில் சொன்ன அதே சுழல்தான். இறங்கும்போது மறுநாள் காலை நடுக்கமும் படபடப்பும் கூடும். தினமும் அதிகம் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம், மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் தேர்வே அதனால் மாறும்.

10. கவுன்சலிங்னா தைரியமா இருங்கன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதானே? அது எங்க வீட்டுலயே சொல்றாங்க.

அது கவுன்சலிங் இல்லை. பதற்ற நோய்க்கு நன்கு நிரூபிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வு, வீட்டுப்பாடத்தோடு. பலன் மருந்துக்கு ஈடாக இருக்கும், முடிந்த பின்னும் நிற்கும். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதுதான் நம் ஊரில் கஷ்டம்.

அதன் முதுகெலும்பு, பயந்து ஒதுங்கிய இடத்துக்குப் படிப்படியாகத் திரும்புவது. பஸ்ஸில் பேனிக் வந்து பஸ்ஸையே விட்டவர் என்றால்: பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டுப் பட்டியல் போடுங்கள். பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நிற்பது 30, கூட்டமில்லாத பஸ்ஸில் ஒரு ஸ்டாப் 50, காலை எட்டரை மணிக் கூட்டத்தில் தனியாக ஐந்து ஸ்டாப் 90. 30-இல் ஆரம்பித்து, பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் ‘ஓடினதால தப்பிச்சேன்’ என்று மூளை கற்றுக்கொள்ளும். ஒரு படியை வாரத்தில் நான்கைந்து முறை செய்து, சலித்த பிறகு அடுத்தது.

பலருக்கு இது நடந்தும் பலிக்காததற்குக் காரணம் சட்டைப்பையில் இருக்கும் ‘அவசரத்துக்கு ஒரு மாத்திரை’, கையில் தண்ணீர் பாட்டில், கூடவே வரும் தம்பி. இவை இருக்கும்வரை, தப்பியது தம்பியால் என்றே மனம் கணக்கு எழுதும். கடைசிப் படிகளில் இவற்றையும் விட வேண்டும்.

11. மூச்சுப் பயிற்சி செஞ்சா தலை சுத்துது. எனக்கு ஒத்துக்கலையா?

ஆழமாக இழுப்பதால் சுற்றுகிறது. முதல் கேள்வியில் சொன்ன கரியமில வாயுக் குறைவு மீண்டும் நடக்கிறது. மெதுவாக விடுவதுதான் பயிற்சி. வாயை மூடி மூக்கால் 4 எண்ணும்வரை சாதாரண அளவு இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். வயிற்றில் வைத்த கை ஏறி இறங்க வேண்டும், நெஞ்சில் வைத்த கை ஏறக்குறைய அசையக் கூடாது. 5 நிமிடம், காலையும் மாலையும், நன்றாக இருக்கும் நேரத்திலேயே பழகுங்கள். அட்டாக் வந்தபிறகு முதல் முறையாகச் செய்து பார்த்தால் வராது.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகள் பேனிக் உள்ளவர்களுக்கு அட்டாக்கையே கிளப்பலாம். தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறையும் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

12. யோகா, தியானம் மட்டும் போதுமா? மாத்திரைக்கு ஈடாகுமா?

லேசானதில் தனியாகவே போதலாம், நடுத்தரத்திலும் கடுமையானதிலும் துணையாக. பொதுப் பதற்ற நோய் உள்ள 226 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் சி.பி.டி. எடுத்தவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள், யோகா செய்தவர்களில் 54, வெறும் மன அழுத்தப் பாடம் கேட்டவர்களில் 33. யோகா உதவுகிறது, ஆனால் சி.பி.டி.க்குக் கீழே. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வில் 276 பேர். 8 வாரக் கவனத் தியானப் பயிற்சி எஸ்சிடலோபிராமுக்குப் பின்தங்கவில்லை. ஆனால் அந்தத் தியானம் வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, ஒரு முழுநாள் அமர்வு, தினம் முக்கால் மணி வீட்டுப் பயிற்சி. செல்போன் செயலியில் ஐந்து நிமிடம் கண்மூடுவதை அதோடு ஒப்பிட முடியாது.

வாரம் 150 நிமிட வேக நடையும் பதற்றத்தைக் குறைக்கும். உடற்பயிற்சியின் படபடப்பே பயமுறுத்துகிறது என்பவர்கள் பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். நெஞ்சு வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு கற்றுக்கொள்ள அதுவே நல்ல வழி.

13. அமுக்கரா சூரணம் சேர்த்துச் சாப்பிடலாமா? சித்த மருந்துதானே, பக்க விளைவு இல்லையே?

துணைச் சிகிச்சைகளை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். செய்வதை, அதாவது யோகா, நடை, மூச்சு, தசைத் தளர்வு ஆகியவற்றை, எந்த மாத்திரையோடும் தயங்காமல் சேர்க்கலாம். விழுங்குவது எதுவானாலும் மருந்து என்றே கருதி டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அமுக்கரா என்கிற அசுவகந்தா பதற்றத்தைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலும் தினம் 300 முதல் 600 மி.கி. வேர்ச்சாற்றுப் பொடி, சில வாரங்கள் மட்டும். நம் அமுக்கரா சூரணமோ சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை சேர்ந்த கலவை. ஆய்வு முடிவை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது, நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையையும் கணக்கில் வைக்க வேண்டும். அசுவகந்தா தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், அரிதாகக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் தடையே செய்தது. தைராய்டு நோய், கல்லீரல் நோய், கர்ப்பம் இருந்தால் வேண்டாம். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்தால் உடனே நிறுத்துங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுவதற்குப் பத்தடி நடந்தால் போதும். பஸ்பம், செந்தூரம் வகைகளைத் தகுதியுள்ள சித்த மருத்துவர் கொடுக்காமல் தொடாதீர்கள்.

இணையத்தில் வரும் வெளிநாட்டு மூலிகைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு சேரவே கூடாது, கருத்தடை மாத்திரையின் பலனையும் கெடுக்கும். காவா கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. 80 மி.கி. லாவெண்டர் எண்ணெய்க் குளிகைக்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் உள்ளன, ஆனால் அறைக்கு மணம் தரும் லாவெண்டர் எண்ணெயைக் குடிப்பது வேறு, விஷம்.

14. நரம்புத் தளர்ச்சின்னு சத்து ஊசி போட்டுக்கிட்டேன். நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு.

பி12 வைட்டமின் குறைவு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அந்த ஊசி தேவை. குறைவு இல்லாதவருக்குப் பதற்ற நோயில் அதற்கு வேலை இல்லை.

15. கர்ப்பமா இருக்கேன்னு தெரிஞ்சதும் மாத்திரையை நிறுத்திட்டேன். சரிதானே?

திடீரென்று நிறுத்தியதுதான் சிக்கல். நோய் திரும்பி, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் குழந்தைக்கும் நல்லதில்லை. உடனே டாக்டரிடம் போங்கள். லேசானது என்றால் சி.பி.டி.யை மட்டும் வைத்துப் பார்க்கலாம். மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் செர்ட்ராலினைத் தேர்வு செய்வார்கள், பால் கொடுக்கும்போதும் அதுவே. பாராக்சிடின் என்ற இன்னொரு எஸ்.எஸ்.ஆர்.ஐ.யையும் ஏழாம் கேள்வியில் உள்ள மாத்திரைகளையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

16. வீட்டுல மந்திரிச்சுக் கயிறு கட்டணும்ங்கிறாங்க. மறுத்தா சண்டை.

கட்டிக்கொள்ளுங்கள், மாத்திரையையும் போடுங்கள். கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதால் சிகிச்சை கெடுவதில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, பட்டினி போட்டாலோ, பெயர் தெரியாத பொடியைக் குடிக்கச் சொன்னாலோ அங்கே மறுக்க வேண்டும்.

17. இப்போ நல்லா இருக்கேன். எவ்வளவு நாள் போடணும்? போன தடவை நிறுத்தினதும் தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

நன்றான நாளிலிருந்து 6 முதல் 12 மாதம் அதே அளவில் தொடர வேண்டும். மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. நிறுத்துவதற்குப் பரீட்சை, வேலை மாற்றம், பிரசவம் இல்லாத காலமாகப் பாருங்கள். மாதம் ஒரு படியாகக் குறைக்கலாம், கடைசிப் படிகளை இன்னும் சிறிதாக. 10-லிருந்து 5-க்கு வந்ததைவிட 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் பலருக்குக் கடினம்.

தலைக்குள் மின்னல், கிறுகிறுப்பு, விசித்திரக் கனவு ஆகியவை நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, பொதுவாக ஓரிரு வாரத்தில் மங்கினால் அது மருந்து விலகும் அறிகுறி. சிலருக்கு நீளும், அப்போது முந்தைய படிக்கு ஏறி மெதுவாக இறங்க வேண்டும். வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய கவலைகளே பழைய முகத்தோடு மெல்ல ஏறிவந்தால் அது நோய் திரும்புவது. முன்பு வேலை செய்த மருந்து, அளவு இரண்டையும் எழுதிவைத்திருந்தால் மறுபடி சிகிச்சை தொடங்குவது எளிது.

‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக் குறைக்கிறேன்’ என்பது குறைப்பது ஆகாது. எஸ்சிடலோபிராமின் அளவு ரத்தத்தில் ஒன்றே கால் நாளில் பாதியாகிவிடும், அதனால் நாள்விட்டு நாள் ஏறி இறங்கும். தினமும் போடுங்கள், அளவைச் சிறிதாக்குங்கள்.